வரிசையிலிருந்து தலைமைக்கு: ஆர்ட் ஷெல்லும் ரெய்டர்ஸ் அணியின் பதவி உயர்வு மரபும்

1989 அக்டோபர் 3ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணி தன் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷனஹனை நீக்கியது. அந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றை அணி தோற்றிருந்தது. அவருடைய இடத்துக்கு வந்த ஆர்ட் ஷெல், அதே அணியில் பதினைந்து பருவங்கள் ஆடியவர். தாக்குதல் வரிசையின் பயிற்சியாளராக அங்கேயே பணியாற்றிக்கொண்டிருந்தவர். 1921இல் ஆக்ரன் புரோஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்ற ஃபிரிட்ஸ் போலார்டின் காலத்துக்குப் பிறகு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.இல் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரானது இதுவே முதல் முறை. ஆகவே இந்த நியமனத்தை லீகின் நிறத்தடை உடைந்த நாளாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஷெல்லின் பணிவாழ்வை முழுமையாகப் பார்த்தால், லீக் மாறியதைவிட ஓர் அணியின் உள்வழக்கம் தொடர்ந்ததே அதில் தெளிவாகத் தெரிகிறது. இக்கட்டுரை அதைக் காட்ட முயல்கிறது.

போலார்டுக்குப் பின் கதவு மூடியது பயிற்சியாளர்களுக்கு மட்டுமல்ல. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். அணி எதிலும் கறுப்பின வீரரே இல்லை. 1946இல் கென்னி வாஷிங்டனையும் வூடி ஸ்ட்ரோடையும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் சேர்த்துக்கொண்ட பிறகு களம் மெல்லத் திறந்தது. அதன் பிறகும் யார் எந்த இடத்தில் ஆடலாம் என்ற எழுதாத விதி ஒன்று நீடித்தது. ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆட்டத்தை இயக்கும் நடு இடங்களில், குறிப்பாகக் குவார்ட்டர்பேக், சென்டர் போன்றவற்றில், வெள்ளையர்களும் ஓரத்து இடங்களில் கறுப்பினத்தவர்களும் குவிந்திருந்தனர். அந்த நடு இடங்களில் ஆடுபவர்களையே ஆட்டத்தை யோசிக்கத் தெரிந்தவர்களாக லீக் கருதியது. பயிற்சியாளர் பதவிக்கான முதல் வடிகட்டல் இப்படிக் களத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

இதற்கு 1968ஆம் ஆண்டு டிராஃப்டைவிட, அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்த நிகழ்வைவிட, சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. அப்போது ஓக்லண்டில் இருந்த ரெய்டர்ஸ் முதல் சுற்றில் டென்னசி ஸ்டேட் குவார்ட்டர்பேக் எல்ட்ரிட்ஜ் டிக்கியைத் தேர்ந்தெடுத்தது. முதல் சுற்றில் தேர்வான முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். இரண்டாம் சுற்றில் வந்தவர் கென் ஸ்டேப்ளர் என்ற வெள்ளையினக் குவார்ட்டர்பேக். மூன்றாம் சுற்றில், ஒட்டுமொத்த வரிசையில் 80ஆவதாக வந்தவர் ஷெல். டிக்கியை அணி பந்து பிடிக்கும் ரிசீவர் இடத்துக்கு மாற்றியது. ஸ்டேப்ளர் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். அமெரிக்க அணிகளிலேயே நிறவேற்றுமையைக் குறைவாகப் பாராட்டியது எனப் பெயர் பெற்ற அணியில்தான் இது நடந்தது. ஷெல் ஆடிய, பந்தையே தொடாத டேக்கிள் இடத்தில் மட்டும் யாரும் நிறத்தைக் குறுக்கே கொண்டுவரவில்லை.

ஷெல் 1946 நவம்பர் 26 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தார். மேரிலண்டின் பிரின்சஸ் ஆன் ஊரில் கறுப்பினத்தவர்களுக்கென்று அமைந்த மேரிலண்ட் ஸ்டேட் கல்லூரியில் படித்தார். எமர்சன் பூசர், ஜானி சாம்பிள் போன்றோரைத் தந்த சிறிய கல்லூரி அது. இத்தகைய கல்லூரிகளை என்.எஃப்.எல். அணிகள் பெரிதாக மதிக்காத காலத்தில், போட்டி லீகான ஏ.எஃப்.எல். அங்கு ஆட்களை மும்முரமாகத் தேடியது. ரெய்டர்ஸ் ஏ.எஃப்.எல். அணியாகத் தொடங்கியது இங்கே முக்கியமாகிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் சிறப்பு அணிகளில் ஆடிய ஷெல், 1970இல் இடது டேக்கிளாக நிலைபெற்றார். பக்கத்தில் இடது கார்டாக ஜீன் அப்ஷா. இந்த இருவர் நின்ற பக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலது கைக் குவார்ட்டர்பேக்குக்கு இடப்புறம்தான் கண் மறையும் பக்கம். அதைக் காப்பதால்தான் இடது டேக்கிளுக்கு இன்று அவ்வளவு ஊதியம். ஸ்டேப்ளர் இடது கைக்காரர். அவருடைய கண் மறையும் பக்கம் வலப்புறம். அதனால் ஷெல்லின் புகழ் காவலால் மட்டும் வந்ததல்ல. ஓட்டத்துக்கு வழி திறக்கும் வேலையாலும் வந்தது. எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தும் ரெய்டர்ஸ் திரும்பத் திரும்ப இடப்புறமாகவே ஓடியது.

1977 ஜனவரி 9 அன்று பாசடீனாவில் நடந்த லீகின் இறுதி ஆட்டமான 11ஆவது சூப்பர் பவுலில் இது உச்சத்தைத் தொட்டது. மினசோட்டாவை 32–14 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ரெய்டர்ஸ் தரைவழியாக 266 கெஜம் ஓடியது. ஷெல்லை எதிர்த்து நின்ற அனுபவசாலி ஜிம் மார்ஷல் பந்து வைத்திருந்தவரை ஒரு முறைகூட மடக்கியதாகப் பதிவாகவில்லை. வரிசை வீரர்களின் திறமையைப் பதிவேடுகளில் தேடுவது கடினம். அவர்கள் வென்றதன் அடையாளம் எதிரே நின்றவரின் பெயருக்கு நேரே உள்ள வெற்றிடம்தான்.

அவர் ஆடிய காலத்தில் இந்தத் தொழிலின் இலக்கணமே மாறியது. எதிரியின் தலையில் அறைவதை லீக் 1977இல் தடை செய்தது. அடுத்த ஆண்டு, பந்தை எறியும் ஆட்டங்களில் கையை நீட்டி விரித்த உள்ளங்கையால் தடுக்கலாம் என்ற விதி வந்தது. அதற்கு முன்பு கைமுட்டியை நெஞ்சோடு ஒட்டிவைத்துத் தடுக்க வேண்டும். இரண்டு முறைகளிலும் தேர்ந்தவர், இரண்டையும் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடியவர், அரிதானவர். எட்டு முறை நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வாகி, 207 ஆட்டங்களோடு ஓய்வு பெற்ற ஷெல்லை 1983இல் ரெய்டர்ஸ் தன் வரிசைப் பயிற்சியாளராக்கியது. அதே ஆண்டு அப்ஷா வீரர்கள் சங்கத்தின் நிர்வாக இயக்குநரானார். ஒருவர் நிர்வாகத்தோடும் இன்னொருவர் அதற்கு எதிராகவும் நின்றனர். இரண்டு இடமும் அந்த இடப்புறத்திலிருந்தே நிரம்பியது ஒரு சுவையான தகவல்.

உரிமையாளர் அல் டேவிஸின் வழக்கம் இங்கேதான் தெரிகிறது. 1969இல் அவர் தலைமைப் பொறுப்பைக் கொடுத்த ஜான் மேடன், கல்லூரியில் டேக்கிளாக ஆடியவர். ஃபிலடெல்ஃபியா முகாமில் முழங்கால் அடிபட்டு, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். ரெய்டர்ஸின் உதவிப் பயிற்சியாளர். 1979இல் மேடனுக்குப் பின் வந்த டாம் ஃபுளோரஸ் மெக்சிகோ வம்சாவளியினர். ரெய்டர்ஸின் முன்னாள் குவார்ட்டர்பேக், பிறகு உதவிப் பயிற்சியாளர். வெளியிலிருந்து டேவிஸ் அழைத்துவந்தவர் ஷனஹன். அவர் இருபது ஆட்டங்களில் எட்டை மட்டுமே வென்றார். வெளியார் தோற்றதும் உள்ளேயே வளர்ந்தவரிடம் திரும்பினார் டேவிஸ். 1989 ஆகஸ்டில் ஹால் ஆஃப் ஃபேமில் ஷெல்லை அறிமுகம் செய்து பேசியவரும் அவரே.

ஷெல் ஏமாற்றவில்லை. முதல் ஆட்டத்தில் நியூயார்க் ஜெட்ஸை 14–7 என்று வென்றார். 1990இல் 12–4 என்ற கணக்கில் பிரிவுப் பட்டத்தையும் பெற்றார். ஆனால் அந்தப் பருவத்தின் மாநாட்டு இறுதியில், இடுப்பெலும்புக் காயத்தால் ஓட்ட வீரர் போ ஜாக்சன் இல்லாத அணி பஃபலோவிடம் 51–3 என்று நொறுங்கியது. 1994இல் 9–7 என்று முடித்த பிறகு டேவிஸ் அவரை நீக்கினார். 54 வெற்றி, 38 தோல்வி; நீக்குவதற்கான கணக்கு இதில் இல்லை. பதிலுக்கு வந்த மைக் வைட்டும் ஷெல்லின் கீழ் இருந்த உதவிப் பயிற்சியாளரே. கதவைத் திறந்த அதே கை அதைச் சாத்தவும் செய்தது. தட்டிக் கேட்க எந்த விதியும் இல்லை.

மற்ற அணிகள் அவரைத் தலைமைக்கு அழைக்கவில்லை. கன்சாஸ் சிட்டியிலும் அட்லாண்டாவிலும் மீண்டும் வரிசைப் பயிற்சியாளரானார். 1992இல் டென்னிஸ் கிரீன், 1995இல் ரே ரோட்ஸ், 1996இல் டோனி டன்ஜி எனக் கறுப்பினப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராகத்தான் வந்தனர். 2002 தொடக்கத்தில் கிரீனும் டன்ஜியும் நீக்கப்பட்டிருந்தனர். அந்த ஆண்டு வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மேரியும் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகே, காலியிடத்துக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்ற ரூனி விதி பிறந்தது. ஷெல்லின் நியமனத்திலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் லீக் இந்த அடியை எடுத்துவைத்தது.

2006இல் டேவிஸ் அவரை மீண்டும் அழைத்தது பெருந்தவறாக முடிந்தது. 2–14, பருவம் முழுவதும் 168 புள்ளிகள், மூன்று ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. தன் தலைமுறையின் சிறந்த டேக்கிள் நடத்திய அணி, தன் குவார்ட்டர்பேக்குகளைக் காக்கவே முடியாமல் திணறியது. 2007 ஜனவரியில் ஷெல் விலக்கப்பட்டார். அவருக்குப் பின் டேவிஸ் தேர்ந்தது 31 வயது லேன் கிஃபினை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வெளியாள். 2008இல் நான்கு ஆட்டங்களில் மூன்றைத் தோற்றதும் கிஃபினையும் டேவிஸ் நீக்கினார். இடைக்காலப் பொறுப்பு தாக்குதல் வரிசையின் பயிற்சியாளர் டாம் கேபிளுக்குப் போனது.