நிறம் கற்பது

அமெரிக்க நிறப் பிரிவினையின் சரித்திரத்தைச் சட்டங்களின் சரித்திரமாக எழுதுவது சுலபம். 1896ல் பிளெஸ்ஸி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கொள்கையை ஏற்றது. 1954ல் பிரௌன் வழக்கில் அதே கோர்ட் பள்ளிகளைப் பொறுத்தவரை அதை நிராகரித்தது. இடைப்பட்ட ஐம்பத்தெட்டு வருஷங்களில் ஒரு குழந்தை தன் நிறத்தை எப்படித் தெரிந்துகொண்டது என்பதற்குச் சட்டப் புத்தகங்களில் இடமில்லை. 1954 தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் மட்டும் அந்தக் குழந்தை தட்டுப்படுகிறது.

அந்த அடிக்குறிப்பில் முதலில் வரும் பெயர் கென்னத் கிளார்க். அவரும் மனைவி மேமியும் 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்புக் குழந்தைகளின் முன் பொம்மைகளை வைத்துக் கேள்வி கேட்டவர்கள். தோல், தலைமயிர் நிறம் தவிரப் பொம்மைகளில் வித்தியாசமில்லை. 67 சதவீதக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டன. 59 சதவீதம் பழுப்புப் பொம்மையைக் காட்டி இதுதான் மோசம் என்றன. 'உன்னைப் போல இருப்பது எது?' என்றதும் சில குழந்தைகள் அழுதன, அறையைவிட்டு ஓடின. ஆர்க்கன்ஸாவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே பழுப்புப் பொம்மையைத் தொட்டு, வெள்ளையர்கள் வசவாகப் பயன்படுத்தும் சொல்லால் அதையும் தன்னையும் குறிப்பிட்டான். அழுகைக்குச் சற்றும் குறையாமல் கிளார்க்கைக் கலக்கியது அந்தச் சிரிப்பு.

வெள்ளைப் பொம்மையை விரும்பிய குழந்தைகள், கலப்புப் பள்ளிகள் இருந்த மாஸாசூஸட்ஸில் ஆர்க்கன்ஸாவைவிட அதிகம். ஆக, பள்ளிக்கூடம் மட்டும் ஆசிரியர் இல்லை.

வேறு யார் என்பதற்கு லில்லியன் ஸ்மித் 1949ல் வெளியிட்ட 'கில்லர்ஸ் ஆஃப் தி ட்ரீம்' பதில் சொல்கிறது. ஃப்ளாரிடாவின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண் அவர். கறுப்பர் குடியிருப்பில் வெள்ளைத் தோலுடன் ஒரு சிறுமி இருக்கக் கண்டு, கடத்தி வந்த குழந்தை என்று சந்தேகித்த ஊர்ப் பெண்கள் அவளை ஸ்மித் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இரு சிறுமிகளும் ஒரே படுக்கையில் தூங்கினார்கள். சில வாரங்களில் அவள் கறுப்பினத்தவள்தான் என்று தகவல் வந்தது. திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று கேட்ட மகளிடம், இனி இதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றாள் அம்மா. மகளும் கேட்கவில்லை. பல வருஷங்கள் இந்தச் சம்பவமே தன் நினைவில் இல்லாமல் போயிற்று என்கிறார் ஸ்மித்.

நேற்றும் இன்றும் அதே தோல்தான். தன் கண் பார்த்ததைவிட அம்மா சொன்னதை நம்ப அந்தச் சிறுமி கற்றுக்கொண்டாள். நிறத் துவேஷம் என்பது பார்வையிலிருந்து பிறப்பதல்ல, பார்வையை விட்டுக்கொடுப்பதிலிருந்து பிறப்பது என்று எனக்குப் படுகிறது. அதை அன்புள்ள தாய்தான் கற்றுத்தருகிறாள் என்பது இன்னும் பயங்கரம்.

பிரௌன் வழக்கில் சமூக விஞ்ஞானிகள் கொடுத்த அறிக்கை, பிரிவினையால் வெள்ளைக் குழந்தைக்கும் கேடு என்றது. தீர்ப்போ கறுப்புக் குழந்தையின் தாழ்வுணர்ச்சியோடு நின்றுவிட்டது. நோய் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததுபோல ஆயிற்று. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பொது இடங்களில் பலகைகள் இறங்கின. அம்மா சொன்னதற்குப் பலகை கிடையாது. ஸ்மித்தின் புத்தகத்தை வெறும் சுயசரிதை என்று ஒதுக்கி எழுதும் சரித்திரம் பாதிச் சரித்திரம் என்பதே என் அபிப்பிராயம்.