நீலம் பாரித்தல்

பாரித்தல் என்றால் பரவுதல். பாம்பு கடித்தால் ‘உடம்பு நீலம் பாரித்துவிட்டது’ என்பார்கள். இதயக் குறையோடு பிறந்து, உதடு கருநீலமாகும் குழந்தைக்கும் அதே சொல்தான். மருத்துவர் சொல்லும் ‘சயனோசிஸ்’ கருநீலத்தைக் குறிக்கும் கிரேக்க ‘கியானோஸ்’ வழி வந்தது. சயனைடுக்கும் அதுவே வேர். பிரஷ்ய நீலச் சாயத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்த அமிலத்தால் ஒட்டிக்கொண்ட பெயர், வேறு உறவில்லை.

எனக்குத் தமிழ்ச் சொல்லே பிடிக்கிறது. நிறத்தோடு பரவலையும் அது சொல்லிவிடுகிறது: ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் உடம்பெங்கும் ஓடுவதுதானே இந்த இதய நோய்!

நம் கருத்த பிள்ளைகளுக்குத் தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கு, உதடு, நகக்கண் பார்க்க வேண்டும். இரத்தசோகை இருந்தால் அங்கேயும் ஏமாற்றும். அதனால்தான் ஆக்சிமீட்டரும் இதய எக்கோவும். சிகிச்சைக்கும் வழி பிறந்தது: 1944-இல் பால்ட்டிமோரில் அறுவை மருத்துவர் பிளாலாக், குழந்தை இதய மருத்துவர் டாசிக், ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் மூவரின் உழைப்பில், நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் போக, கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். இன்று பல குறைகளை முழுதாகவே சீராக்க முடிகிறது.

இந்தச் சிகிச்சைக்கு, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறினால் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிலையம். அழும்போது பிள்ளையின் நாக்கு நீலம் பாரித்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.