ஹங்குல் அசைகளின் கணினிக் குறியேற்றம்

கொரிய மொழியின் எழுத்துமுறையான ஹங்குலில் மெய்யும் உயிரும் வரிசையாக நீள்வதில்லை. ஒரு சதுரத்துக்குள் அடுக்கப்பட்டு ஓர் அசையாகின்றன. இன்றைய வழக்கில் முதல் மெய்க்கு 19, உயிருக்கு 21, இறுதி மெய்க்கு 27 வடிவங்கள் உண்டு. இறுதி மெய் வராத நிலையையும் சேர்த்தால் 19 × 21 × 28, அதாவது 11,172 அசைகள். கணினியில் சேமிக்க வேண்டியது முழு அசையையா, அதன் உறுப்புகளையா என்பதில்தான் நெடுங்காலம் இழுபறி இருந்தது.

உறுப்புகளைச் சேமிப்பது ‘ஜோஹாப்’ முறை. 16 பிட்டில் முதல் பிட் அடையாளத்துக்கு. எஞ்சிய 15 பிட்டும் ஐந்தைந்தாக மூன்று உறுப்புகளுக்கு. எந்த அசையும் விடுபடாது. 1989இல் வெளிவந்த ‘ஹங்குல்’ சொற்செயலி இதையே பயன்படுத்தியது. தென்கொரியாவின் 1987ஆம் ஆண்டுத் தரமான கேஎஸ் சி 5601 தேர்ந்ததோ முழு அசைகளுக்கு எண் தரும் ‘வான்சொங்’ முறையை. பன்னாட்டு விதிகளுக்கு ஒத்த 94 × 94 கட்டத்தில் மொத்தமே 8,836 இடங்கள். அதில் 4,888 சீன எழுத்துகளுக்குப் போயின. ஹங்குலுக்குக் கிடைத்தவை அடிக்கடி வரும் 2,350 அசைகள் மட்டுமே. சொந்த எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு அசைகளை வெளியே நிறுத்திய இந்த முடிவு கடுமையான இழப்பு. 1990இல் ஒளிபரப்பான ‘தொம்பாங் ககா’ தொலைக்காட்சித் தொடரின் பெயரில் முதல் அசைக்கே அத்தரத்தில் எண் இல்லை. 1992இல் ஜோஹாப் முறையும் தரத்தின் பின்னிணைப்பில் சேர்ந்தது. விண்டோஸ் 95 விடுபட்ட 8,822 அசைகளைக் காலி இடங்களில் செருகியது. அசைகள் கிடைத்தன, எண்வரிசை அகரவரிசையாக இருப்பது போயிற்று.

தீர்வு யூனிகோடில் வந்தது, அதுவும் எளிதாக அல்ல. 1.1 பதிப்பில் 6,656 அசைகளே இருந்தன. 1996இல் வந்த 2.0 பதிப்பு அவற்றை நீக்கி, 11,172 அசைகளையும் அகரவரிசையில் புதிய இடத்தில் அமைத்தது. பழைய எண்களில் சேமித்த உரை பயனற்றுப்போகும் என்பதால் இம்மாற்றம் பெருஞ்சிக்கலானது. ஒருமுறை தந்த எண்ணை இனி மாற்றுவதில்லை என்ற உறுதியை யூனிகோடு அதன்பின் ஏற்றது.

புதிய வரிசையின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. உறுப்புகளை 0இலிருந்து எண்ணி, முதல் மெய்யின் வரிசை எண்ணை 21ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்ட வேண்டும். வந்ததை 28ஆல் பெருக்கி இறுதி மெய்யின் எண்ணையும், தொடக்க எண்ணான 44,032ஐயும் கூட்டினால் அசையின் எண் வரும். ‘ஹன்’ என்ற அசைக்கு உறுப்பெண்கள் 18, 0, 4, விடை 54,620. வகுத்துப் பார்த்தால் அதே எண்ணிலிருந்து மூன்று உறுப்புகளும் திரும்பக் கிடைக்கும். பெரிய அட்டவணை எதுவும் வேண்டியதில்லை.

உறுப்புகளுக்கும் யூனிகோடில் தனி எண்கள் உண்டு. ஆகவே ‘ஹன்’னை ஓர் எண்ணாகவும் எழுதலாம், மூன்று எண்களாகவும் எழுதலாம், யுடிஎஃப்-8இல் முன்னது 3 பைட், பின்னது 9. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு வரையறுத்தாலும் எல்லா மென்பொருளும் அப்படி நடத்துவதில்லை. கோப்புப் பெயர்களைப் பிரித்துச் சேமித்த பழைய மேக் கணினிகளிலிருந்து விண்டோஸுக்கு வந்த கொரியப் பெயர்கள் உதிரி எழுத்துகளாகத் தெரிந்தது இதனால்தான். வழக்கொழிந்த எழுத்துகள் சேர்ந்த 15ஆம் நூற்றாண்டு அசைகளுக்கு முழு வடிவ எண்ணே கிடையாது. 2009இல் 5.2 பதிப்பு கூடுதல் பழைய உறுப்புகளைச் சேர்த்தது. அவற்றை வரிசையாகத் தட்டச்சிட்டால், சதுரமாக அடுக்குவது எழுத்துருவின் வேலை.