முடக்குவாதமும் மக்கள் மரபும்

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் விடியற்பொழுதிலேயே பால்வெட்டுத் தொடங்கிவிடும். பட்டையை மெல்லிய சீவலாக வெட்டவேண்டும். கத்தி உள்மரத்தில் பட்டுவிடலாகாது. அதற்கு விரல்கள் சொன்னபடி கேட்கவேண்டும். அவ்விரல்களே காலையில் வீங்கி விறைத்து, மடக்கவும் நீட்டவும் இயலாதனவாகிவிட்டால் அத்தொழிலாளப் பெண்ணின் நிலை யாது? லயத்தில் அதனை ‘வாதம்’ என்பர். ‘தாய்க்கும் இருந்தது; அந்தக் குடும்பத்து வழி அப்படி’ என்றும் சொல்லிவிடுவர். பெண் பார்க்க வருவோர் காதிலும் அச்சொல் விழும். அதில் உண்மை எவ்வளவு என்பதை முடக்குவாத ஆராய்ச்சியின் வரலாறு ஒருவாறு தெளிவாக்குகின்றது.

1800ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லாந்திரே போவே என்னும் இளம் மருத்துவர், சல்பெத்ரியேர் மருத்துவமனையில் தாம் கண்ட பெண் நோயாளரைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். செல்வர்க்கு உரியதெனக் கருதப்பட்ட ‘கவுட்’ நோயினின்றும் இது வேறானது, ஏழைப் பெண்களையே பெரிதும் பற்றுவது என்பது அவர் கண்ட முடிபு. இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இலண்டன் மருத்துவர் கரொட் 1859இல் சூட்டினார்.

உடலைக் காக்கவேண்டிய ஆற்றல் தன் மூட்டுகளையே பகையெனக் கொண்டு தாக்குவதால் இந்நோய் விளைகிறது. தனது எது, பிறிது எது என உடல் பிரித்தறிய உதவும் பரம்பரையலகுகள் ஆறாம் நிறமூர்த்தத்தில் உள்ளன. அவற்றுள் ‘டி.ஆர்.4’ என்னும் வகை நோயாளரிடம் மிகுந்திருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்ராஸ்னி 1978இல் வெளியிட்டார். ஆயின், எல்லா மக்களுக்கும் அது பொருந்தவில்லை. ஐரோப்பியரிடம் டி.ஆர்.4இன் ஒரு கிளையும் யப்பானியரிடம் மற்றொரு கிளையும் நோயோடு சேர்ந்து காணப்பட்டன. வட அமெரிக்காவின் யக்கிமாப் பழங்குடியினரிடம் டி.ஆர்.14, இந்தியரிடம் டி.ஆர்.10. இப்புதிருக்கு 1987இல் கிரெகர்சனும் அவருடைய துணைவரும் விடை கண்டனர். இவ்வகைகள் ஆக்கும் புரதங்களில் குறித்த ஓரிடத்தில் வரும் ஐந்து அமினோவமிலங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்திருந்தன. திறவுகோல்கள் பல, பல் ஒன்றே.

தோட்டத் தமிழருக்கு இச்செய்தி தொலைவானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து மக்கள் மன்னார் வழியே இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கும் சென்றனர். மலேசியாவில் மலாயர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரையும் ஒருங்கே நோக்கிய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. குருதியில் குறித்த ஒருவகைப் பிறபொருளெதிரி காணப்படும் முடக்குவாதத்துக்கும் அந்தப் பொதுவரிசைக்கும் மூவினத்தாரிடத்தும் தொடர்பு இருந்தது. அங்குள்ள இந்தியருள் பெரும்பாலார் தமிழரே. கங்காணியின் ‘துண்டு’ச் சீட்டில் ஏறிய கடனை இலங்கையில் 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது, நிறமூர்த்தத்தில் எழுதியதை ஒழிக்கச் சட்டமில்லை.

எனினும், எழுதியவாறே நடக்கும் என்பதும் பிழை. பரம்பரையலகுகள் முற்றும் ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடத்தில்தான் எனப் பிரித்தானிய ஆய்வொன்று 1993இல் காட்டியது. எஞ்சிய 85 பேர் தப்பியது எதனால்? வாழும் சூழலுக்கும் இதிற் பங்குண்டு. தென்னாபிரிக்காவில் 1975இல் வெளிவந்த ஆய்வுகளின்படி நாட்டுப்புறச் சுவானா மக்களிடம் முடக்குவாதம் மிக அரிது. சொவெற்றோ நகர்ப்புறத்துக் கறுப்பின மக்களிடமோ ஐரோப்பியருக்கு நிகரான அளவில் இருந்தது. புகைபிடித்தல் நோய்வாய்ப்பை மிகுவிப்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வுகள் நிறுவின. நெசவாலைத் தூசும் பெண்களுக்கு அவ்வாறே கேடு செய்வதை 2016இல் மலேசிய ஆய்வு உணர்த்திற்று. ஆகவே தாயின் விரலைக் கண்டு மகளுக்கு வரன் மறுப்போர், அறிவியலின் பெயரால் அதனைச் செய்தல் இயலாது.

மருந்தின் கதையும் ஒரு பெண்ணிடமே தொடங்குகிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எழுந்து நடக்க அரும்பாடுபட்ட 29 வயதுப் பெண்ணுக்கு ஹென்ச் என்பவர் கோட்டிசோன் ஊசியேற்ற, சில நாள்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்தின் தீய விளைவுகள் பின்னரே தெரியவந்தன. இன்று முதன்மையாக வழங்கும் மெதோட்றெக்சேற்று 1980களில் நிலைபெற்றது. எலும்பின் அரிப்புப் பெரும்பாலும் நோயின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்குவதால், அம்மருந்து அதற்கு முன்பே உடலிற் சேரவேண்டும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கிழமைக்கணக்கிற் தொடருமாயின் பால்வெட்டும் பெண் தைலம் தடவிக்கொண்டு காத்திராமல் இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ, அரசினர் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய வேளை அதுவே.