சேலத்தின் வலதுசாரி வேட்பாளர்: வாழப்பாடியாரின் பின்புலம்

1998 பிப்ரவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில், பாரதிய ஜனதா இடம்பெற்ற கூட்டணியின் சார்பில் சேலம் தொகுதியில் நின்று வென்றவர் வாழப்பாடி ராமமூர்த்தி. வென்ற கையோடு வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலியம், இயற்கை எரிவாயுத் துறையின் கேபினட் அமைச்சரானார். டெல்லியில் வலதுசாரி ஆட்சி என்று பேசப்பட்ட அந்த அமைச்சரவையில் இடம்பெற்ற இவருக்கு அதன் கொள்கைப் பாசறையோடு எந்தப் பழைய தொடர்பும் கிடையாது. காங்கிரசின் ஐ.என்.டி.யு.சி. தொழிற்சங்க மேடையில் பேசிப் பழகியவர். 1998-க்கு முன் ஐந்து முறை காங்கிரஸ் சின்னத்தில் மக்களவைக்குப் போனவர். சேலம், நாமக்கல் சமவெளியில் வலதுசாரி அரசியல் தனக்கென ஆட்களை வளர்த்ததைவிட, காங்கிரஸ் வளர்த்த ஆட்களைக் கொண்டு நடந்ததே அதிகம். அந்தக் கதை வாழப்பாடியாருக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி 1878-இல் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, 1917-இல் நகராட்சித் தலைவரானார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 முதல் அங்கே கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. இத்தனையும் காங்கிரஸ்காரராக இருந்து செய்தவை. காங்கிரஸ் 1959 ஜனவரியில் நாகபுரி மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சி அதே ஆண்டு ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்டது. நிலம் உழவனுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், தொழிலில் அரசின் பெர்மிட், லைசென்ஸ் பிடி தளர வேண்டும் என்பது ராஜாஜியின் வாதம். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் மதத்தை முன்வைக்காமல் பொருளாதாரத்தை முன்வைத்த பெரிய வலதுசாரிக் கட்சி அதுதான்.

அக்கட்சி தமிழ்நாட்டில் தனியாக நின்று பெரிதாகச் சாதிக்கவில்லை. 1967-இல் தி.மு.க.வோடு கைகோத்தபோதுதான் மாநிலத்தின் 39 மக்களவை இடங்களில் 6 கிடைத்தன. சேலம் அந்தத் தேர்தலில் தி.மு.க.வின் க.ராஜாராமுக்குப் போனது, திருச்செங்கோட்டில் வென்றவர் க.அன்பழகன். ராஜாஜி வாழ்ந்து உழைத்த மண்ணில் அவருடைய கட்சிக்கு அன்று கிடைத்தது கூட்டணிக் கட்சி என்ற இடம்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-இல் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

வேடிக்கை என்னவென்றால், வலதுசாரிக் கட்சிக்கு இயல்பாகப் பொருந்தியிருக்க வேண்டிய குடும்பம் அன்று அந்தப் பக்கம் போகவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப.சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்தவர். பின்னர் காங்கிரசில் சேர்ந்து, 1957-இலும் 1962-இலும் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். சுதந்திராக் கட்சி பிறந்த 1959-இல் அவர் நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகளானார்கள். மோகன் பிறகு காங்கிரசுக்கு வந்து, இந்திரா காந்தியின் உருக்குத் துறை அமைச்சராக இருந்தபோது 1973 மே மாதம் டெல்லி அருகே விமான விபத்தில் இறந்தார். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் 1984, 1989, 1991 என மூன்று முறை சேலத்தின் காங்கிரஸ் எம்.பி. அவரே 1998-இல் பா.ஜ.க. வேட்பாளராகத் திருச்சியில் வென்று வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சரானார். ஜமீன் வீட்டிலிருந்து பா.ஜ.க.வுக்குப் போன வழி கம்யூனிஸ்ட் தந்தையையும் காங்கிரசையும் கடந்து மூன்றாம் தலைமுறையில்தான் முடிந்தது.

வாழப்பாடியாருக்கு அப்படியொரு வம்சப் பெருமை இல்லை. 1940-இல் பிறந்த அவர் ஊர்ப் பெயரையே அடையாளமாகக் கொண்டவர். சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வாழப்பாடி. வசிஷ்ட நதி ஓடும் அந்தப் பக்கம் குச்சிக்கிழங்கும் பாக்கும் விளையும் பூமி. கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. சேகோ ஆலைகள் என்று வட்டாரத்தில் சொல்லப்படும் இந்த ஆலைகளும், சேலம் மாவட்டத்தின் மேக்னசைட் சுரங்கங்களும், மேட்டூர்த் தொழிற்சாலைகளும் கூலித் தொழிலாளர்களைத் திரட்டிய இடங்கள். தொழிற்சங்கம் நடத்துபவருக்கு இங்கே ஆள்பலம் கிடைக்கும். ஆள்பலம் இருந்தால் கட்சியில் இடமும் கிடைக்கும். வாழப்பாடியார் மேலே வந்தது இந்த வழியில்தான்.

1977-இல் நாடெங்கும் இந்திரா காங்கிரஸ் தோற்றபோது, அ.தி.மு.க. கூட்டணியின் துணையோடு தர்மபுரியில் வென்றார். 1980-இல் கூட்டணி தி.மு.க.வோடு, தொகுதி கிருஷ்ணகிரி. 1984, 1989, 1991 தேர்தல்களில் மீண்டும் அ.தி.மு.க. துணை, அதே கிருஷ்ணகிரி, அதே வெற்றி. இரண்டு தொகுதிகளும் 1965-இல் தர்மபுரி பிரிவதற்கு முன் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதிகள் என்பதால் அவர் அங்கே வெளியூர்க்காரராகத் தெரியவில்லை. இந்த ஐந்து வெற்றிகளிலும் ஏதாவது ஒரு திராவிடக் கட்சி பக்கத்தில் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1967-க்குப் பிறகு தமிழ்நாட்டில் தேசியக் கட்சி வேட்பாளரின் தகுதி எதுவாக இருந்தாலும், அதைவிடக் கூட்டணியே கனமானது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தவர் வாழப்பாடியார். அடுத்து அமைந்த நரசிம்ம ராவ் அமைச்சரவையில் தொழிலாளர் நலத் துறை இணையமைச்சரானார். அந்த ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தர இடைக்காலத் தீர்ப்பளித்தது. கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டு அதை முடக்கப் பார்த்தது. பதவியேற்ற சில வாரங்களிலேயே மத்திய அரசின் போக்கைக் கண்டித்து அவர் விலகினார். மேட்டூர் அணை இருக்கும் மாவட்டத்துக்காரருக்குக் காவிரி வெறும் மேடைப்பேச்சு அல்ல. அவருடைய அரசியல் வாழ்வில் சொந்தமாக எடுத்த துணிச்சலான முடிவு என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ராவோடு ஏற்பட்ட விரிசல் ஆறவில்லை. ராவை எதிர்த்துப் பிரிந்தவர்களின் திவாரி காங்கிரஸ் உருவானபோது அதன் தமிழகப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1996 தேர்தலை அக்கட்சி பா.ம.க.வோடு சந்தித்தது. தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) அணி அந்த ஆண்டு பெரும் அலையாக வீச, சேலமும் த.மா.கா.வுக்குப் போனது. அதன் பின் அவர் தொடங்கியது தமிழக ராஜீவ் காங்கிரஸ். 1998-இல் ஜெயலலிதா அமைத்த அணியில் பா.ஜ.க., பா.ம.க., ம.தி.மு.க., சுப்பிரமணியன் சுவாமியின் ஜனதா கட்சி ஆகியவற்றோடு இச்சிறு கட்சியும் சேர்ந்தது. அணி வென்ற 30 இடங்களில் அ.தி.மு.க.வுக்கு 18, பா.ம.க.வுக்கு 4, பா.ஜ.க.வுக்கும் ம.தி.மு.க.வுக்கும் தலா 3. ராஜீவ் காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே இடம் சேலம். ராஜீவ் பெயரைக் கட்சிக்கு வைத்துக்கொண்டு பா.ஜ.க. அரசில் அமைச்சராக இருப்பதில் முரண் இருக்கிறது என்று அன்று பலரும் கேலி பேசினாலும், சேலத்து வாக்காளர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1999 ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டபோது வாழப்பாடியார் வாஜ்பாய் பக்கமே நின்றார். ஏப்ரல் 17 அன்று ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் பா.ஜ.க. தி.மு.க.வோடு சேர, அவர் அந்தக் கூட்டணியில் மீண்டும் சேலத்தில் நின்று அ.தி.மு.க.வின் டி.எம்.செல்வகணபதியிடம் தோற்றார். திருச்சியில் ரங்கராஜன் மறுபடி வென்றார்; ஆனால் 2000 ஆகஸ்டில் 48 வயதிலேயே காலமானார். வாழப்பாடியார் 2001-இல் காங்கிரசுக்குத் திரும்பி, 2002 அக்டோபரில் மறைந்தார்.

2008-இன் தொகுதி மறுசீரமைப்பில் வாழப்பாடி ஏற்காடு சட்டமன்றத் தொகுதிக்குள் வந்தது. அங்குள்ளவர்கள் இப்போது மக்களவைக்கு வாக்களிப்பது கள்ளக்குறிச்சித் தொகுதியில். சேலத்தில் 2024-இல் வென்றவர் அதே செல்வகணபதி, இம்முறை தி.மு.க. வேட்பாளராக. அந்தத் தேர்தலிலும் பா.ஜ.க. சேலத்தில் தன் ஆளை நிறுத்தவில்லை. தொகுதியைக் கூட்டணியிலிருந்த பா.ம.க.வுக்கு விட்டுக்கொடுத்தது.