ஈ. ஐ. தோல்: ஒரு வணிகப் பெயரின் வரலாறு

ஈ. ஐ. தோல் என்பது தாவரச் சாறுகளால் பதனிடப்பட்டு, சாயமும் மெருகும் ஏற்றப்படாத நிலையில் விற்கப்படும் தென்னிந்தியத் தோலுக்கு வழங்கும் வணிகப் பெயராகும். 'ஈ. ஐ.' என்பது 'ஈஸ்ட் இந்தியா' என்பதன் சுருக்கம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பகுதி தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் முதன்மையான மையங்களுள் ஒன்று. இங்குப் பதனிடப்படும் தோல்களுக்குச் சந்தை இட்ட பெயர்கள், ஒரு பொருளின் பெயரே அதன் பிறப்பிடத்தையும் செய்முறையையும் மறைக்கக்கூடும் என்பதற்குச் சான்றாக உள்ளன.

செய்முறை

பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய பின், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிடுவது பழைய முறை. ஆவாரம்பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பர். பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெரிதும் பிடித்துக்கொண்டது. மூலப்பொருள் மாறியும் பெயர் மாறவில்லை.

கும்பினி மறைந்தும் நிலைத்த பெயர்

19ஆம் நூற்றாண்டில் இத்தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டனுக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது. கிழக்கிந்தியக் கும்பினி 1858இல் ஆட்சியை இழந்தது; 1874இல் கலைக்கப்பட்டது. ஆனால் 'ஈஸ்ட் இந்தியா' என்பது வாங்குவோர் அறிந்த தரத்தின் பெயராகிவிட்டதால் வணிகத்தில் நீடித்தது. இதைவிடக் குழப்பமானது 'பெர்சியன்' என்ற பெயர். இந்தியாவில் தாவரமுறையில் பதனிடப்பட்ட செம்மறியாட்டுத் தோலைப் பிரித்தானிய வணிகர் அவ்வாறு அழைத்தனர். பாரசீகத்துக்கும் அத்தோலுக்கும் தொடர்பில்லை.

குரோமிய முறை

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் இம்முறையைச் சோதித்தார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை, அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊராகும். இம்முறையில் பதனிட்ட ஈரத்தோல் நீல நிறமாக இருப்பதால் 'வெட் புளூ' எனப்படுகிறது. இப்பெயர் தோல் எந்த நிலையில் உள்ளது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்த விலங்கின் தோல் என்பதைச் சொல்வதில்லை.

பெயரும் வருவாயும்

ஈ. ஐ. தோல் அரைகுறை நிலையில் விற்கப்பட்டதால், சாயமும் மெருகும் ஏற்றிப் பொருளாக்கும் வேலை வெளிநாட்டில் நடந்தது; அதன் வருவாயும் பெயரும் அங்கேயே தங்கின. 1972இல் சீதாராமையா குழு, முழுமையாக்கப்பட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்வதற்கு முன்னுரிமை தரப் பரிந்துரைத்தது. அதன்பின் பச்சைத்தோல், அரைகுறைத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஆம்பூரில் காலணி உற்பத்தி வளர இது துணைபுரிந்தது. எனினும் அங்குத் தைக்கப்படும் காலணிகளுள் பல இன்றும் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரிலேயே விற்கப்படுகின்றன.

தோல் அல்லாத தோல்

'ரெக்சின்' என்பது இங்கிலாந்தில் தோன்றிய செயற்கைத் தோல்துணி ஒன்றின் வணிகப் பெயர். தமிழ்நாட்டில் அது அவ்வகைப் பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. அப்பெயரில் 'தோல்' என்ற சொல் இல்லாததால் வாங்குவோர் ஏமாற இடமில்லை. பின்னர் வந்த 'பி.யு. லெதர்', 'வீகன் லெதர்' ஆகிய பெயர்களோ நெகிழி பூசிய துணிக்கும் தோலின் மதிப்பைச் சேர்க்கின்றன. விலங்குத் தோல் அல்லாத பொருளைத் தோல் என்று பெயரிட்டு விற்பதை இத்தாலி 2020இல் சட்டத்தால் தடுத்தது.

இந்தியாவில் ஈ. ஐ. தோல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அயலார் கும்பினியிடமிருந்து வந்த பெயர், இவ்வாறு தமிழ்நாட்டுப் பதனிடுவோரின் சட்டப்படியான உரிமையாயிற்று. ஆயினும் அச்சுருக்கத்தைக் கொண்டு மட்டும் அத்தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்டதா, வாட்டிலில் பதனிட்டதா என்பதை வாங்குவோர் அறிய இயலாது.