பொரிக்கும் எண்ணெயை எப்போது மாற்றுவது? அளந்து சொல்லும் மின் உணரி

புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் வடை, ரோல்ஸ், மிதிவெடி, பற்றீஸ் பொரிக்காத நாள் இல்லை. எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டுகள் கணக்கு எழுதும் எங்களிடம் தவறாமல் வருகின்றன. அதை எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற பதிவு வருவதில்லை. பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறோம். மிளகாயும் மஞ்சளும் நல்ல எண்ணெயையும் கறுக்க வைக்கும். வெளிறிய எண்ணெயும் உள்ளே கெட்டிருக்கலாம்.

பொரிக்கும்போது உணவிலுள்ள நீரும், காற்றிலுள்ள ஒட்சிசனும், வெப்பமும் எண்ணெய் மூலக்கூறுகளை உடைத்து மாற்றுகின்றன. அப்போது உருவாகுபவை முனைவுச் சேர்வைகள். ஐரோப்பாவின் பல நாடுகளில் எண்ணெயின் தரத்தை இவற்றின் மொத்த அளவைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். பிரான்சில் எல்லை 25 சதவீதம், சுவிற்சர்லாந்தில் 27 சதவீதம். ஜேர்மனியில் 24 சதவீதத்தை வழிகாட்டி எல்லையாகக் கொள்கிறார்கள்.

இதைக் கடையிலேயே அளக்கக் கைக்கருவிகள் உள்ளன. அவற்றின் தண்டு நுனியிலுள்ள உணரி ஒரு சிறிய கொள்ளளவி. அதன் மின்வாய்களுக்கு இடையே எண்ணெய் நிற்கும். முனைவுச் சேர்வைகள் மின்புலத்தின் பக்கம் திரும்பும் இயல்புடையவை. அவை கூடக் கூட எண்ணெய்க்குள் சேமிக்கக்கூடிய மின்னேற்றமும் கூடும். கருவி அந்த மாற்றத்தை அளந்து, வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தி, சதவீதமாகக் காட்டும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- பண்டங்களை வெளியே எடுத்து, குமிழிகள் அடங்கும்வரை சுமார் 5 நிமிடம் பொறுக்க வேண்டும். எண்ணெயில் நீர் இருந்தால் எண் பிழையாக உயரும்.
- தண்டின் நுனி பாத்திரத்தின் உலோகத்தில் முட்டக் கூடாது.
- ஒவ்வொரு முறையும் உணரியைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.
- தேங்காய் எண்ணெயின் அமைப்பு வேறு. அதற்குக் கருவி பொருந்துமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும்.

வடிகட்டுவது துகள்களை நீக்கும். எண்ணெயில் கரைந்திருக்கும் முனைவுச் சேர்வைகளை நீக்காது. புது எண்ணெய் கலந்தால் எண் குறையும், ஆனால் பழையது புதியதையும் விரைவாகக் கெடுக்கும். அதிகம் புகைந்தாலோ, நுரைத்தாலோ, கசந்தாலோ எண் குறைவாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் பழக்கத்தால் வாரம் 3 தடவை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அளந்து பார்த்ததில் 2 தடவை போதும் என்று தெரிந்தால், 52 வாரத்தில் மிச்சம் 520 லீற்றர். மாறாக, 3 தடவையும் போதாது என்று கருவி சொன்னால் அந்தச் செலவைச் செய்தே ஆகவேண்டும். அது நம் பிள்ளைகளும் வாடிக்கையாளர்களும் சாப்பிடும் எண்ணெய்.

திகதி, பாத்திரம், காட்டிய எண், செய்த நடவடிக்கை என்று நான்கு நிரல் கொண்ட கொப்பி ஒன்று போதும். சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் நம் வாய்ப்பேச்சை விட அந்தக் கொப்பிக்கே மதிப்பு அதிகம்.